பழைய திட்டத்தில் தேறியவர்

எங்கள் மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைப் பிரிவை ஒட்டி, ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை இருந்தது. இரண்டாம் மாடி ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தக் கறையோடு இறங்கி வரும் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, துணியில் பொதிந்து, ஆள் உயர நீராவி இயந்திரத்துக்குள் ஏற்றி, கிருமி போக்கித் திருப்பி அனுப்பும் இடம் அது. அங்கே பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவரை எல்லோரும் ஸ்டீம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட இருபது வயது மூத்த கண்காணிப்பாளர் டாக்டர்கூட அப்படித்தான். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் எனக்குத் தெரியும். நான் அலுவலகத்தில் எழுத்தர். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது நடந்தபோது ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கை விரல் நுனிகள் எப்போதும்போல ஊறிச் சுருங்கியிருந்தன. சுவரில் நான் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். மருத்துவமனையோடு சேர்ந்த பயிற்சிக் கல்லூரியில் தியேட்டர் டெக்னீஷியன் படிப்பு, இரண்டு வருஷம். ஊழியர்களுக்கென்று இரண்டு இடங்கள். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும்.

"சார், இதுக்கு நான் போடலாமா?"

"ஸ்கூல் முடிச்சிருக்கீங்களா அக்கா?"

"முடிச்சேனே. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள கெட்டுப் போயிருக்காதுல்ல?"

ஏன் இந்த வயதில் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "பதினெட்டு வருஷமா கழுவுறேன் சார். ஒவ்வொண்ணுக்கும் பேர் தெரியும், எந்தப் பல்லு தேஞ்சிருக்குன்னு தெரியும். ஆனா அது உள்ள போய் என்ன வேலை செய்யுதுன்னு ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. மேல அந்தச் சிவப்புக் கோட்டோட நிறுத்திடுறாங்க."

தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. வெளி உடுப்போடும் வெளிச் செருப்போடும் அதைத் தாண்டக் கூடாது. துணியில் பொதிந்த கருவித் தட்டுகளை அங்கேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கல்லூரிக் கவுன்டரிலிருந்து அது திரும்பி வந்துவிட்டது, கூடவே முகம் தொங்கிப் போன ஸ்டீம் அக்காவும். மதிய இடைவேளையில் நானும் அவரோடு போனேன். கவுன்டரில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அக்காவின் பள்ளி மதிப்பெண் பட்டியலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மடித்த இடங்களில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது.

"இது பழைய திட்டம்மா. இதுல உயிரியல்னு ஒரு பாடமே இல்லையே."

"அறிவியல்னு இருக்கே சார். அதுக்குள்ளதான் தவளை, இலை, இதயம் எல்லாம் இருந்துச்சு."

"இருந்திருக்கும். ஆனா பட்டியல்ல தவளைக்குத் தனியா மார்க் போடலையே. இப்போ விதி மாறிடுச்சு. உயிரியல் தனிப் பாடமாத் தேறியிருக்கணும்."

பழைய பாடமும் புதிய பாடமும் சமம் என்று கல்வி வாரியத்தில் எழுதி வாங்கலாம். ஆனால் அதற்கு ஆறு மாதமாவது ஆகும், சேர்க்கை அதற்குள் முடிந்துவிடும். இன்னொரு வழி, தனித்தேர்வராக உயிரியல் ஒன்றை மட்டும் இந்த வருஷப் பள்ளி இறுதித் தேர்வில் எழுதித் தேறுவது. தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

வீட்டில் அதே பாடத்தை, அதே தேர்வுக்கு, அவருடைய மகள் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே புத்தகம். அது மகளோடு பள்ளிக்குப் போய்விடும். அதனால் அம்மா பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு வேலைக்கு வருவார்.

"அம்மா, நீ என்னைவிடக் கம்மியா வாங்கினா எனக்கு வருத்தமா இருக்கும். அதிகமா வாங்கினா நான் வீட்டை விட்டே ஓடிடுவேன்" என்று மகள் சொன்னாளாம்.

"ஓடுறதுன்னா புத்தகத்தை வச்சுட்டு ஓடு" என்றாராம் இவர்.

இயந்திரம் ஒரு சுற்று, அவர்கள் சொல்லும்படி ஒரு லோடு, ஓடி முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம்தான் அவருடைய வகுப்பறை. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, முழங்காலில் நகலை விரித்து வைத்துப் படிப்பார். சுவாச மண்டலம் இரண்டு லோடு, சிறுநீரகம் மூன்று லோடு என்றுதான் கணக்கு. எதிரே பஞ்சும் துணியும் மடித்துக் கட்டும் பேண்டேஜ் அண்ணன், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தவர், அவ்வப்போது கேள்வி கேட்டு உதவுவார். கேள்வியைவிட விடையைத்தான் சத்தமாகப் படித்துத் தொலைப்பார்.

நுண்ணுயிரிகள் பாடம் வந்தபோதுதான் ஒன்று நடந்தது. சில பாக்டீரியாக்கள் ஆபத்து நெருங்கினால் தடித்த ஓடு போர்த்திக்கொண்டு வித்தாகி உறங்கிவிடும், கொதிக்கும் நீரில்கூடச் சாகாது என்று அதில் இருந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் மகளிடம், "கொதிக்கிற தண்ணியிலயும் சாகாதாம்டி" என்றார்.

"அதுக்கென்ன இப்போ? ரெண்டு மார்க் கேள்விம்மா அது."

அவருக்கு அது இரண்டு மார்க்காகத் தெரியவில்லை. கருவிப் பொட்டலங்களின் வெளியே ஒரு டேப் ஒட்டுவார்கள். சூடு பட்டால் அதில் கறுப்புக் கோடுகள் தோன்றும். கறுத்துவிட்டால் மேலே அனுப்பிவிடுவது வழக்கம். ஆனால் டேப் சொல்வது வெளியே சூடு பட்டதை மட்டும்தான். பொட்டலத்துக்குள் நீராவி புகுந்து, வேண்டிய நேரம் தங்கியதா என்று காட்ட ஒரு காகிதப் பட்டை உண்டு. அதை ஒரு சோதனைப் பொட்டலத்துக்குள் வைத்து, மற்ற பொட்டலங்களோடு ஏற்றி, பிறகு பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டையில் ஒரு கறுப்புக் கோடு ஊர்ந்து 'சரி' என்ற கட்டத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பார்த்த பிறகே தட்டுகளை அனுப்ப வேண்டும் என்று சுவரில் தொங்கிய விதிப் பலகையிலும் எழுதியிருந்தது. பட்டைகள் அலமாரியில் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. யாரும் கேட்டதில்லை, யாரும் செய்ததுமில்லை.

மறுநாள் ஸ்டீம் அக்கா அந்தப் பெட்டியைப் பிரித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு லோடுக்கும் ஒரு பட்டை. பார்த்ததும் ஒரு நோட்டில் நேரத்தோடு ஒட்டி வைப்பார். மூன்று மாதம் அப்படியே போயிற்று. பட்டைகள் எல்லாம் 'சரி' என்றே சொல்லின.

தியேட்டரின் பொறுப்பில் இருந்த தலைமைச் செவிலியரைப் பெரிய சிஸ்டர் என்போம். அவருக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை. தேர்வு நாளுக்கு விடுப்பு கேட்டபோது, "படிக்கிறது உன் இஷ்டம். லோடு லேட்டாச்சுன்னா உன் கஷ்டம்" என்றார். முழு நாள் கிடையாது; காலை ஐந்தரைக்கு வந்து முதல் லோடை முடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பலாம். தேர்வு பத்துக்கு. பத்தரைக்கு மேல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

இனி சொல்வது, பின்னால் அவரும் பேண்டேஜ் அண்ணனும் சொல்லி, விசாரணையில் நானே குறிப்பெடுத்து, துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டது.

அன்று காலை லோடு ஏழு நாற்பதுக்கு முடிந்தது. ஒன்பதுக்கு முதல் ஆபரேஷன். ஒரு பஸ் கண்டக்டருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தகடு வைக்க வேண்டியிருந்தது. மேலேயிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ஸ்டீம் அக்கா வாய்க்குள் சிறுநீரகத்தின் பாகங்களை முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தார். டேப் எல்லாம் நன்றாகக் கறுத்திருந்தது. ஏழு ஐம்பத்தைந்துக்குத் தட்டுகள் மேலே போய்விட்டன. சோதனைப் பொட்டலத்தை எடுத்து, சூடு ஆறட்டும் என்று மேஜை ஓரத்தில் வைத்தவர், அதை அப்படியே மறந்துவிட்டார்.

எட்டு முப்பத்தைந்துக்கு உடுப்பு மாற்றினார். ஹால் டிக்கெட், இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் பையில் இருக்கிறதா என்று பார்த்தார். பையைத் தோளில் மாட்டித் திரும்பியபோது மேஜை ஓரத்தில் அந்தப் பொட்டலம் கண்ணில் பட்டது.

அப்போதே போயிருக்கலாம். பிரிக்காமல் போயிருந்தால் அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. பிரித்தார். பட்டையில் கறுப்புக் கோடு பாதி வழியில் நின்றிருந்தது. துணி உள்ளே ஈரமாக, சில்லென்று இருந்தது.

"அண்ணே, இதைப் பாருங்க."

பேண்டேஜ் அண்ணன் பார்த்தார். ஜன்னலே இல்லாத அறையில் ஜன்னலைத் தேடுவதுபோலச் சுற்றிலும் பார்த்தார். "டேப் கறுத்திருந்துச்சாம்மா?"

"கறுத்திருந்துச்சு."

"அப்புறம் என்ன? இத்தனை வருஷம் அதைப் பார்த்துத்தானே அனுப்பினோம். யாருக்கு என்ன ஆச்சு?"

"ஆனவங்களை நாம எங்க பார்த்தோம்? அவங்க வார்டுல இருப்பாங்க. நாம இங்க இருக்கோம்."

"பட்டை பழசா இருக்கும்மா. நீ கிளம்பு. நான் ரெண்டாவது லோடுல இன்னொண்ணு வச்சுப் பார்த்துச் சொல்றேன்." குரலைத் தாழ்த்தினார். "இப்போ மேல போனா உன்னைப் பரீட்சைக்கு விடுவாங்களா? யோசி."

அவர் யோசித்தார். எவ்வளவு நேரம் என்று விசாரணையில் கேட்டார்கள். "தெரியல சார். மணி பார்த்தேன். எட்டு நாற்பத்து மூணு. மறுபடி பார்த்தேன், அதே நாற்பத்து மூணு" என்றார்.

லிப்ட் நான்காம் மாடியில் நின்றிருந்தது. படியில் ஓடினார். அடித்தளத்திலிருந்து இரண்டாம் மாடி, மூன்று தளம். சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மூச்சு வாங்க நின்றபோது, கண்ணாடிக் கதவு வழியாகக் கண்டக்டர் மேஜையில் படுத்திருப்பது தெரிந்தது. முதுகில் மரத்துப் போகும் ஊசி போட்டாகிவிட்டது. ஒரு நர்ஸ் தட்டின் மேல்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். எலும்பு டாக்டர் உள்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்! அந்தத் தட்டைத் தொடாதீங்க!"

பெரிய சிஸ்டர் திரும்பினார். தியேட்டர் வாசலில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. "என்ன இது சந்தையா? நீ இன்னும் போகலையா?"

"தட்டு சரியா வேகல சிஸ்டர். பட்டை நின்னுடுச்சு."

"டேப் கறுத்திருக்கே, நான்தானே வாங்கினேன்!"

"வெளிய சூடு பட்டா டேப் கறுத்துடும் சிஸ்டர். உள்ள காத்து தங்கியிருக்கு. துணி ஈரமா இருக்கு. ஸ்டீம் உள்ள போகல. வித்து இருந்தா செத்திருக்காது."

எலும்பு டாக்டர் ஈரக் கையை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார். அவருக்கு இவரைத் தெரியாது. பல வருஷமாக இவர் கழுவிய கருவிகளைத்தான் பிடித்திருக்கிறார், ஆனால் தெரியாது.

"யாரும்மா நீங்க? என்ன வித்து?"

ஸ்டீம் அக்கா பட்டையை நீட்டினார். டாக்டர் கையால் தொடாமல் குனிந்தார். படித்தார். உள்ளே மேஜையில் கிடந்தவரைப் பார்த்தார். எலும்பில் தகடு வைத்த இடத்தில் கிருமி புகுந்தால் காலையே எடுக்க வேண்டி வரலாம். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"இதைப் பார்க்காமலா தட்டு மேல வந்துச்சு?"

"ஆமா சார். நான்தான் அனுப்பினேன். பரீட்சை அவசரத்துல பார்க்க மறந்துட்டேன்."

பெரிய சிஸ்டர் மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் கேட்டதாம்.

"ரிசர்வ் செட் இருக்கா?" டாக்டர் கேட்டார்.

"இருக்கு. நேத்து மத்தியான லோடு" என்றார் சிஸ்டர்.

"அது சரியா வெந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார். நோட்டுல ஒட்டியிருக்கேன்."

"கொண்டு வாங்க."

மறுபடி மூன்று தளம் கீழே, மூன்று தளம் மேலே. நேற்று மதியப் பட்டையில் கோடு 'சரி' கட்டத்தின் நடுவில் இருந்தது. டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ரிசர்வ் செட்டைப் பிரித்தார்கள். மற்ற இரண்டு ஆபரேஷன்கள் அன்று ரத்து.

மணி ஒன்பது இருபது. ஸ்டீம் அக்கா கிளம்பப் போனார்.

"நில்லு" என்றார் பெரிய சிஸ்டர். "இப்போ சொன்னதை எழுதிக் குடுத்துட்டுப் போ. சாயங்காலம் எழுதினா எல்லாம் மாறிடும்."

அதே நேரத்தில் மருத்துவமனை வாசலில் ஸ்டீம் அக்காவின் கணவர் பைக்கை ஸ்டார்ட் செய்வதும் அணைப்பதுமாக நின்றுகொண்டிருந்தார். கடையில் அரை நாள் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஏழு முறை போன் செய்தும் எடுக்கவில்லை. போன் தோள்பைக்குள்; பையை மனைவி அடித்தளத்திலேயே கழற்றி வைத்திருந்தார். கடைசியில் அவர் வாசல் காவலரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி பையோடு ஓடி வந்தார். ஒன்பது ஐம்பத்தொன்று.

"எங்க போன? உயிரே போயிடுச்சு எனக்கு!"

"அப்புறம் சொல்றேன். ஓட்டுங்க."

மகளுக்குத் தேர்வு அவள் பள்ளியிலேயே. இவருடைய தேர்வு மையம் ஊரின் மறுகோடியில் ஒரு பெண்கள் பள்ளி. பாலத்தில் ஒரு லாரி பழுதாகி நின்று எல்லா வண்டிகளும் அதன் பின்னால் அடைத்துக்கொண்டிருந்தன. கணவர் வாழ்நாளில் அதற்கு முன் நடைபாதையில் வண்டி ஏற்றியதில்லை. அன்று ஏற்றினார். நடந்து போனவர்கள் திட்டியதற்கெல்லாம், "மன்னிச்சுக்கங்க, பரீட்சை, பரீட்சை" என்று கத்திக்கொண்டே போனார். திட்டியவர்கள் பின்னால் உட்கார்ந்திருந்த நரைத்த தலையைப் பார்த்து இன்னும் குழம்பினார்கள்.

பத்து இருபத்தாறுக்குப் பள்ளிக் கேட். காவலாளி, "பிள்ளைக்கு எதாவது கொண்டு வந்தீங்களா? இனிமே உள்ள குடுக்க முடியாதும்மா" என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டி, அதில் இருக்கும் படம் தன்னுடையதுதான் என்று நம்ப வைக்க இரண்டு நிமிஷம் போயிற்று. கதவை அடைக்கப் போன நேரத்தில் உள்ளே நுழைந்தார்.

வினாத்தாள் கையில் வந்தது. ஒரு எழுத்தும் ஏறவில்லை. சுற்றிலும் பதினேழு வயதுப் பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இவருக்கு மேஜையில் கிடந்தவருடைய கால்தான் தெரிந்தது. நேற்றைய லோடு உண்மையிலேயே சரியா? தேதியைச் சரியாகப் பார்த்தேனா? நோட்டில் ஒட்டியது காலைப் பட்டையா, மதியப் பட்டையா? பத்து நிமிஷம் இப்படியே போனது. கண்காணிப்புக்கு நின்ற ஆசிரியை பக்கத்தில் வந்து, "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டார். மேடம் என்று அவரை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. பின்னால் யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தாராம்.

பிறகு எழுதத் தொடங்கினார். தெரிந்ததை முதலில், தெரியாததை விட்டுவிட்டு. இதயத்தின் படத்தை வரைந்தார். பாகங்களைக் குறிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. நான்கு பெரிய கேள்விகளில் ஒன்றைத் தொடவே இல்லை.

சாயங்காலம் நேரே மருத்துவமனைக்குத்தான் வந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. கண்டக்டர் வார்டில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனால் கிருமி புகுந்ததா இல்லையா என்று தெரியப் பத்து நாளாவது ஆகும். அந்தப் பத்து நாளும் ஸ்டீம் அக்கா வேலை முடிந்ததும் அந்த வார்டு வாசல் வழியாக நடந்து போவார். உள்ளே போக மாட்டார். காய்ச்சல் அட்டையில் கோடு ஏறியிருக்கிறதா என்று தூரத்திலிருந்து பார்ப்பார். கோடு ஏறவில்லை.

இயந்திரத்தைப் பார்க்க வந்த மெக்கானிக், கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் ஓரிடத்தில் பிளந்திருப்பதாகவும் அங்கே காற்று உள்ளே போயிருக்கிறது என்றும் எழுதிக் கொடுத்தார். இயந்திரத்தின் குற்றம் தெளிவாயிற்று. பட்டையைப் பார்க்காமல் தட்டை அனுப்பியதற்கு ஒரு ஆள் வேண்டுமே. ஐந்தாம் நாள் ஸ்டீம் அக்காவிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதை டைப் அடித்தவன் நான்தான்.

அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "சார், இதுக்கு எப்படிப் பதில் எழுதணும்?"

எனக்கு இதெல்லாம் கை வந்த கலை. இருபது வருஷமாக மற்றவர்களின் மெமோவுக்கு நான்தான் ரகசியமாகப் பதில் எழுதிக் கொடுப்பேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "எதையும் ஒத்துக்காதீங்க. டேப் கறுத்திருந்துச்சு, வழக்கப்படி அனுப்பினேன், மெஷின் கோளாறு என் பொறுப்பில்லன்னு எழுதுங்க. பட்டை வைக்கிறது இங்க நடைமுறையிலயே இல்லன்னு போடுங்க. அன்னைக்கு எழுதிக் குடுத்தது பதற்றத்துல எழுதினதுன்னு சொல்லிடலாம்."

"ஆனா பார்க்காம அனுப்பினது நான்தானே சார்."

"அக்கா, உங்க இடமே இதுலதான் தொங்குது. கல்லூரியில சேர, துறை நடவடிக்கை நிலுவையில இல்லன்னு இங்கிருந்து சான்றிதழ் குடுக்கணும். தப்புன்னு ஒத்துக்கிட்டா தண்டனை வரும். எல்லாம் போச்சு."

அவர் இரண்டு நாள் என் மேஜைப் பக்கம் வரவில்லை. வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது. கணவர் நான் சொன்னதுதான் சரி என்றாராம். மகள், அம்மா வீட்டுக்குக் கொண்டு வந்திருந்த நோட்டை எடுத்து, மூன்று மாதப் பட்டைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீ சும்மாவா ஒட்டின?" என்று மட்டும் கேட்டாளாம்.

மூன்றாம் நாள் பதிலைக் கொண்டு வந்து கொடுத்தார். கோடு போட்ட தாளில், பரீட்சை எழுதுவதுபோல இடப்பக்கம் ஓரம் விட்டு எழுதியிருந்தது. விதி தெரிந்தும் பட்டையைப் பார்க்காமல் தட்டை அனுப்பியது என் தவறு, தேர்வுக்குப் போகும் அவசரமே காரணம், அது மன்னிக்கக் கூடிய காரணம் அல்ல என்று முதலில் இருந்தது. அடுத்த பக்கத்தில், பட்டையைப் பார்த்து இரண்டு பேர் கையெழுத்துப் போடாமல் எந்தத் தட்டும் மேலே போகக் கூடாது என்று உத்தரவு போடும்படி கேட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. "நீங்களே உங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்க" என்றேன்.

"எழுதிட்டேன் சார். உள்ள வச்சுடுங்க."

கண்காணிப்பாளர் அறையில் விசாரணை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் கண்காணிப்பாளர், எலும்பு டாக்டர், பெரிய சிஸ்டர். இந்தப் பக்கம் இவர், நாற்காலி இருந்தும் நின்றுகொண்டு. மூலையில் நான் குறிப்பெடுத்தேன்.

"இதை நீங்களே எழுதினீங்களா? யாராவது எழுதச் சொன்னாங்களா?" கண்காணிப்பாளர் கேட்டார்.

"நானேதான் சார்." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எனக்குக் காது சுட்டது.

"படிப்பு ஆசையில வேலையைக் கோட்டை விட்டீங்க. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"அந்த ஆள் காலை இழந்திருந்தா?"

கண்காணிப்பாளர் சம்பள உயர்வை நிறுத்துவதா, வேறு பிரிவுக்கு மாற்றுவதா என்று கோப்பைப் புரட்டினார். அப்போதுதான் பெரிய சிஸ்டர் பேசினார். அவர் இவருக்காகப் பேசுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. குரலில் அன்பு எதுவும் இல்லை.

"சார், இவ செஞ்சது தப்பு. ஆனா ஒண்ணு கேக்குறேன். இதுக்கு முன்னாடி பட்டை வைக்காம எத்தனை லோடு மேல வந்திருக்கும்? நான்தான் எல்லாத்தையும் வாங்கினேன். ஒரு தடவைகூடப் பட்டை எங்கன்னு கேட்டதில்ல. இவளைத் தண்டிச்சா, அடுத்த தடவை பட்டை நின்னுச்சுன்னா கீழ இருக்கிறவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. பொட்டலத்தைக் குப்பையில போட்டுட்டுப் பரீட்சைக்குப் போயிடுவாங்க. எனக்கு மாடி ஏறி வர்ற ஆள்தான் வேணும்."

எலும்பு டாக்டர் மேஜையைப் பார்த்தபடி, "எனக்கும்" என்றார்.

கண்காணிப்பாளர் பேனாவை மூடித் திறந்து மூடினார். கடைசியில் எழுத்துமூலம் ஓர் எச்சரிக்கை. விசாரணை முடிந்தது என்று அன்றே கோப்பில் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தின் அர்த்தம் மறுநாள் சான்றிதழ்ப் படிவத்தை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. 'நிலுவையில் விசாரணை எதுவும் இல்லை' என்பதுதான் அதில் இருந்த வாசகம். எச்சரிக்கையைப் பற்றி அது கேட்கவே இல்லை. நான் சொன்னபடி அவர் எல்லாவற்றையும் மறுத்திருந்தால் சாட்சி, மறுசாட்சி என்று விசாரணை எட்டு மாதம் இழுத்திருக்கும். சேர்க்கை நாளன்று கோப்பு திறந்தே கிடந்திருக்கும், சான்றிதழ் கிடைத்திருக்காது. ஒத்துக்கொண்டதால் ஒரே நாளில் மூடிவிட்டது. இதை அவரும் யோசித்துச் செய்யவில்லை, நானும் யோசிக்கவில்லை. இருபது வருஷமாக எத்தனை பேருக்கு என்ன எழுதிக் கொடுத்தேன் என்று அன்று ஒரு மாதிரியாக இருந்தது. அதன் பிறகு யாருக்கும் பதில் எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டேன்.

தேர்வு முடிவு சேர்க்கைக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. தேற முப்பத்தைந்து வேண்டும். அவருக்கு முப்பத்தொன்பது; மகளுக்கு எண்பத்திரண்டு. "நான் வீட்டை விட்டு ஓட வேண்டியதில்ல" என்றாளாம் மகள். சொல்லிவிட்டு அவளே அழுதாளாம்.

கல்லூரியில் சேர்ந்தது கதையின் சுகமான பகுதி என்று நினைத்தால் தவறு. முதல் ஆறு மாதம் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. பாடமெல்லாம் ஆங்கிலச் சொற்கள். பழைய திட்டத்தில் அவர் படித்ததெல்லாம் தமிழில். உடற்கூறு முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பன்னிரண்டு. உடன் படித்தவர்கள் முதல் வாரம் ஆன்ட்டி என்றார்கள், பிறகு அம்மா, பிறகு எங்கள் ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஸ்டீம் அக்கா. ஒரு முறை நின்றுவிடுவதாகவே சொன்னார். கணவர் மறுநாள் காலை வழக்கம்போல பைக்கை வாசலில் கொண்டு வந்து நிறுத்தினாராம்.

முதல் வருஷத்தில் ஒரு தாளில் தவறி, அடுத்த முறை எழுதித் தேறினார். இரண்டாம் வருஷம் தியேட்டருக்குள் பயிற்சி. முதன்முதலாக உடுப்பு மாற்றி, முகக்கவசம் கட்டி மேஜையருகே நின்ற நாளைப் பற்றி என்னிடம் ரொம்ப நேரம் பேசினார். ஓர் இடுக்கியைப் பற்றித்தான் முக்கால்வாசிப் பேச்சு. அதன் வளைவு எதற்கென்று அன்றுதான் தெரிந்ததாம்.

கடைசியாகப் பார்த்தது போன மாதம். மதியம் ஒரு மணி இருக்கும். நடைபாதையில் எதிரே வந்தார், பையில் நகல்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் நிறுத்திப் பேச வாயெடுத்தேன்.

"சார், ரெண்டு மணிக்குக் கடைசி வருஷ வாய்மொழித் தேர்வு. கேள்வி கேக்க வெளியூர்லேர்ந்து ஆள் வந்திருக்காங்களாம். நரம்புப் பேரெல்லாம் மறந்து போச்சு" என்று சொல்லிக்கொண்டே படியில் ஏறினார்.